குடிக்காத மாப்பிள்ளை

ஆடி 1, வியாழன்

மதியை அழைத்துவந்தாயிற்று. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டுமாம். ஆடியில் புருஷனோடு இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்குமாம், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாதாம். நான் பிறந்தது சித்திரையில்தான். எங்கப்பா எண்பது வயது வரைக்கும் சைக்கிள் மிதித்தார்.

சம்பந்தி சுசீலா அம்மாளுக்கு இதிலெல்லாம் அபார நம்பிக்கை. பட்டுக்கோட்டையில் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்புகிற நேரத்தில், ராகுகாலம் முடியட்டும் என்று மத்தியானம் முழுக்க உட்காரவைத்துவிட்டார். ராகுகாலத்தில் மெஷின் ஓட்டுகிற மாவு மில் இந்தப் பக்கத்திலேயே என்னுடையது ஒன்றுதான். கிரகணத்தன்று உட்கார்ந்து சோறு தின்கிறவளும் நான்தான். எங்கப்பா கறுப்புச் சட்டைக்காரர், செத்துப்போன என் புருஷனும் கறுப்புச் சட்டைக்காரர். அதனால்தான் எனக்கு நாகம்மை என்று பெயர், என் மகளுக்கு ஈழமதி என்று பெயர். அவளுக்கு ஜாதகமே எழுதவில்லை. மாப்பிள்ளை தேடும்போது நான் கேட்டது ஒரே கேள்வி, குடிப்பானா? நந்தகுமார் குடிக்க மாட்டான். பீடி, சிகரெட், பாக்கு எதுவும் இல்லை. பேட்டரிக் கடை உண்டு, வீடு உண்டு. இந்த ஒரு பொருத்தம் போதும் என்று மாசியில் கொடுத்துவிட்டேன்.

கார் ஏறும்போது சுசீலா அம்மாள் சொன்னார்: "சம்பந்தி, பப்பாளிய மட்டும் இவ கண்ணுல காட்டிடாதீங்க. ரெண்டு மாசம் தங்கியிருந்தத தின்னே கரைச்சுட்டா."

ஆனியில் அப்படி ஒன்று நடந்துபோயிற்று. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் அவர்தான் பேசினார். மதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் "காலைக் கழுவிட்டு வாடி" என்றேன். திரும்பவே இல்லை. மூன்றாவது தடவை கத்தின பிறகுதான் "என்னம்மா?" என்கிறாள். இயர்போனை மாட்டி மாட்டி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காதே அவிந்துபோய்விடுகிறது.

ஆடி 4, ஞாயிறு

மில் வாசலில் வெட்டுக்குத்து. வார்டு இடைத்தேர்தல் வருகிறதல்லவா, ஆளுங்கட்சிக்காரன் ஒரு பேனர் கட்டினான், அதன் மூஞ்சியை மறைத்து எதிர்க்கட்சிக்காரன் ஒன்று கட்டினான். முதலில் ஒருத்தன் அம்மாவை இன்னொருத்தன் திட்டினான், பிறகு சவுக்குக் கம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருத்தன் மண்டை பிளந்து என் வாசல்படியில் ரத்தம். தேர்தலில் நிற்கிற தலைவர்கள் இரண்டு பேரும் போன வாரம் ஒரே காதுகுத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றவர்கள். இந்த மடையன்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறான்கள்.

ஒரு குடம் தண்ணீரை எடுத்து இரண்டு பேர் தலையிலும் ஊற்றினேன். அப்படியும் விலகவில்லை. கைக்குக் கிட்டினவன் செவிட்டில் ஒன்று விட்டேன். விலகிவிட்டான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். மதியை நான் அப்படித்தான் வளர்த்தேன். ஒரு பேச்சு எதிர்த்துப் பேசமாட்டாள்.

படியைக் கழுவச் சொல்ல உள்ளே போனால், மாவு மூட்டைகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஊர் சண்டைக்கு ஒனக்கு என்னாடி பயம்?" என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆடி 6, செவ்வாய்

டீயை உஸ் உஸ்ஸென்று ஊதிக் குடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சின்னையன் அப்படித்தான் குடிக்கிறான். இருபது வருஷமாக மில்லில் இருக்கிறான் என்று பொறுத்துக்கொள்கிறேன்.

ஆடி 9, வெள்ளி

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். காலையிலிருந்து கேழ்வரகும் கம்பும்தான். வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. சாமி இல்லை என்பது என் கொள்கை. ஆடி மாதத்தில் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.

வரிசையில் நின்ற தபால்காரர், பொம்பளைகளுக்கு பஸ் இலவசம் ஆனதிலிருந்து ஒருத்தியும் வீட்டில் தங்குவதில்லை, ஊர்சுற்றுகிறார்கள் என்றார். "ஏன், ஒங்க பெட்ரோல்ல சுத்துறாங்களா?" என்று கேட்டேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். மனுஷன் மாவைக்கூட வாங்காமல் போய்விட்டார், பிறகு பெண்டாட்டியை அனுப்பினார்.

மத்தியானம் மதியிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். "நீயும் ஒருநாள் பஸ் ஏறி வந்து என்னைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல? சும்மாதானே ஏத்திக்கிட்டு வர்றான்?"

"பஸ்ஸு ஃப்ரீதாம்மா" என்றாள். மீதியைச் சொல்லாமல் எழுந்துபோய்ச் சல்லடையைத் தட்டினாள். பேச்சைப் பாதியில் விடுகிற பழக்கம் புகுந்த வீட்டில் வந்திருக்கிறது.

மாப்பிள்ளை தினமும் போன் பண்ணுகிறார். நல்ல பழக்கம். எடுக்கக் கொஞ்சம் நேரமானால் திரும்பத் திரும்பப் பண்ணுகிறார். அவ்வளவு பிரியம். மதி போனை வலது காதிலேயே வைத்துக்கொண்டு "ம்", "ம்", "சரிங்க" என்கிறாள்.

ஆடி 12, திங்கள்

முருகையன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி செல்லக்கண்ணுவை ரோட்டில் போட்டு மிதித்தான். அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்பார்மரில் முட்டுகிறான். டீக்கடையில் பன்னிரண்டு தடியன்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்கள். கேட்டால் புருஷன் பொண்டாட்டிச் சண்டையாம், நடுவில் போகக்கூடாதாம்.

நான் விளக்குமாறோடு போனேன். கட்டை தெறிக்கிற வரைக்கும் அடித்தேன். முதுகு, முழங்கால், மூஞ்சி, எங்கே விழுகிறதென்று பார்க்கவில்லை. சாக்கடையில் விழுந்தான். அதற்கு மேலும் இரண்டு வைத்தேன். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

செல்லக்கண்ணுவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். அவளோ "போதையிலதாங்கா அடிச்சுச்சு, தெளிஞ்சா தங்கம்" என்கிறாள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், "குடிய ஒழிச்சா பொண்டாட்டி அடிக்கிறதும் ஒழிஞ்சுபோயிடும். அதனாலதான் குடிக்காத மாப்பிள்ளையாப் பாத்துப் பொண்ணக் குடுத்தேன்."

வீட்டுக்குள் வந்த பிறகு மதி கேட்டாள், "குடிக்காதவன் அடிக்க மாட்டானாம்மா?"

"குடிக்காதவனுக்கு எதுக்குடி கை நீளும்? புத்திதான் தெளிவா இருக்குமே."

"ஆமாம்மா" என்றாள். "தெளிவாத்தான் இருக்கும்."

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், கூட்டம் என்னவோ கடல் பொங்கின மாதிரி. பக்கத்து வீட்டு ரெங்கநாயகி, புதுப்பெண்ணுக்குத் தாலிக் கயிறு மாற்றியே ஆகவேண்டும் என்று மஞ்சள் கயிறோடு வந்து நின்றாள். கல்யாணத்தில் மாலை மாற்றினால் போதும் என்றுதான் நான் சொன்னேன், சம்பந்தி வீட்டார் கேட்டார்கள் என்று தாலியும் ஏறியது. ஏறியதை மாற்றிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதி சுடிதார் காலரை இறக்கமாட்டேன் என்றாள். ரெங்கநாயகி இழுத்தாள். கழுத்தில் இரண்டு பக்கமும் பழுப்பாக விரல் தடிமனுக்குத் தடம்.

"என்னாடி இது?"

"கவரிங் செயின் ஒத்துக்கலம்மா."

கவரிங் நகை தோலுக்கு ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். ரெங்கநாயகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் அடுத்த வீட்டுச் சங்கதிதான் தீனி.

ஆடி 20, செவ்வாய்

இடது பக்கம் நின்று கூப்பிட்டால் சுத்தமாகக் கேட்கவில்லை. மன்னார்குடியில் காது டாக்டரிடம் காட்டினேன். குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். "அடி ஏதும் பட்டுச்சாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"இயர்போன்தான் டாக்டர்" என்றேன் நான். அவர் என்னைப் பார்க்காமல் மதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்ஸ் விட்டுக் குடைஞ்சேன். ஆழமாப் போயிடுச்சு" என்றாள் மதி.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறவில்லை என்றால் ஆபரேஷன் பண்ணவேண்டுமாம். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் திட்டினேன். காதுக்குள் குச்சி விடுவது ஒரு பழக்கமா? அழுக்கு தானாக வெளியே வரும், இது தெரியாமல் படித்தவர்கள்கூடக் குடைகிறார்கள். மதியின் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். மன்னார்குடியிலிருந்து வீடு வரைக்கும் சுவரோடு பேசினதுதான்.

ஆடி 23, வெள்ளி

கொல்லையில் பப்பாளி பழுத்துவிட்டது. ஒன்றை அறுத்தேன், உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. மதி வந்து ஒரு துண்டை எடுத்தாள். இன்னொன்று, இன்னும் ஒன்று. வந்ததிலிருந்து அவள் இப்படி ஆசையாக எதையும் தின்று நான் பார்க்கவில்லை.

பப்பாளி தின்றால் கரு கலையும் என்பதை நான் என்றைக்குமே ஒப்புக்கொண்டதில்லை. கிளி கொத்தின பப்பாளி, விழுந்த பப்பாளி என்று முழுகாமல் இருந்தபோது முழுப்பழமாகத் தின்றுதான் இவளைப் பெற்றேன். நாலு துண்டு பழத்தில் பிள்ளை போகுமென்றால் இந்த ஊரில் பாதிப் பேர் பிறந்தே இருக்கமாட்டார்கள். அதை அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன். "ஒங்க மாமியாளுக்கு அறிவே கெடையாது. பப்பாளியில கலையாதுடி. கலையணும்னா வேற எதாவது..."

வேறு எதாவது என்று சொன்ன பிறகுதான் வாய் நின்றது.

"நான் பப்பாளியே தின்னலம்மா" என்றாள் மதி. "அந்த வீட்டுல பப்பாளி வாங்கறதே இல்ல."

கத்தி என் கையில் இருந்தது. விதையை வழித்துக் கீழே போட்டேன். பழத்தை முழுக்க அறுத்துத் தட்டில் அடுக்கினேன். அவள் தின்றுகொண்டே இருந்தாள், கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, துடைத்துக்கொள்ளாமல் தின்றாள்.

ஆடி 24, சனி

மில் திறக்கவில்லை.

ஆடி 25, ஞாயிறு

மதி சொன்னதை எழுதுகிறேன். 

முதல் அடி கல்யாணம் ஆன மாதமே. ரசத்தில் உப்பு. அப்புறம் போன் எடுக்க நேரமானதற்கு. அப்புறம் காரணமே கிடையாது. அடிக்கும்போது கத்தமாட்டானாம். டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கையை ஓங்குவானாம். வைகாசியில் ஒரே ஒரு அறை, காது போயிற்று, ரத்தம் குபுகுபுவென்று தண்ணீர் மாதிரி வந்ததாம். ஆனியில் வயிற்றில் உதைத்தான். தரையெல்லாம் ரத்தம். சுசீலா அம்மாள் துணியால் துடைத்துக்கொண்டே, "கேட்டா பப்பாளின்னு சொல்லு" என்றாராம். ஆடிக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது கழுத்தை நெரித்திருக்கிறான், கண் இருட்டுகிற வரைக்கும்.

"ஒரு பஸ்ஸு ஏறி வந்திருக்கலாமேடி" என்றேன்.

"வெளிக்கதவ பூட்டிட்டுத்தாம்மா கடைக்குப் போவாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

 மதி சொன்னாள்: "சின்னப் புள்ளையில நீ அடிக்கறப்ப அழுதா இன்னும் ரெண்டு விழும். அதனால அழாம நிப்பேன்ல, சீக்கிரம் விட்டுடுவ. அங்கயும் அப்படியே நின்னு பழகிட்டேன்."

 இட்லி மாவுக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது, அதைப் போய்க் கழுவினேன்.

நாயே. குடிக்காத நாயே. வாட்சைக் கழற்றிவைத்துவிட்டா அடித்தாய்?

ஆடி 28, புதன்

ஆவணி பிறந்ததும் அழைத்துப்போக வருகிறார்களாம். அனுப்பமாட்டேன். ஆனால் எப்படி நிறுத்துவது? அண்ணனைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசி, இனிமே அடிக்கமாட்டேன்னு எழுதி வாங்கி அனுப்பிவிடு" என்கிறான். ரெங்கநாயகி, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்கிறாள். உதைத்துக் கலைத்தவனுக்கு இன்னொரு பிள்ளை.

கடைசியாக அறிவழகன் தோழரைக் கூப்பிட்டு அனுப்பினேன். என் புருஷனோடு சேர்ந்து மேடை ஏறினவர். மதியின் கல்யாணத்தை நடத்திவைத்தவர் அவர்தான். அன்றைக்கு மேடையில் பெண் அடிமைத்தனம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார், சாம்பார் ஆறிப்போயிற்று. இன்றைக்கு மில்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தோழர், நம்ம நடத்தி வச்ச கல்யாணம் ஆறு மாசத்துல முறிஞ்சுதுன்னா ஊர்ல என்னா பேசுவாங்க? ஐயர் இல்லாம, நாள் பாக்காம பண்ணுனா இப்படித்தான்னு சிரிக்க மாட்டாங்களா? கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க. இயக்கத்துக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது."

கையில் இருந்த இரும்புச் சல்லடையை வீசினேன். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. "நாகம்மை!" என்றார். அடுத்து எடை போடுகிற படிக்கல்லை எடுத்தேன், ஆள் ஓடிவிட்டார். துண்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. கறுப்புத் துண்டு. என் புருஷன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆடி 30, வெள்ளி

சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.

மத்தியானம் சுசீலா அம்மாளுக்குப் போன் போட்டேன். என் வாயால் சொன்னேன்: "சம்பந்தி, மனசு கேக்காம ஒரு ஜோசியர்ட்ட போனேன்."

"நீங்களா?" என்றார். நம்ப முடியவில்லை.

"நான்தான். வேதாரண்யம் பக்கம். பேர வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டாரு. ரெண்டு பேரு பொறந்த நேரத்தையும் வச்சுப் பாத்தாரு. கார்த்திகை முடியிற வரைக்கும் இவங்க ஒண்ணா இருக்கக் கூடாதாம். இருந்தா மாப்பிள்ளைக்கு ரத்தக் கண்டமாம்."

அந்தப் பக்கம் மூச்சு நின்றுபோனது கேட்டது. "ஐயோ, ஒரே புள்ளையாச்சே" என்றார். எந்தக் கிரகம் என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், எட்டில் செவ்வாய், ஏழரைச் சனி, கூட ஒரு கேது. அவர் அழுதார். கார்த்திகை வரைக்கும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

போனை வைத்ததும் வாயைக் கொப்பளிக்கப் போனேன். மதி சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "கேது எதுக்கும்மா?" என்றாள். "கெடக்கட்டும்டி, எடைக்கு" என்றேன்.

ஆவணி 2, திங்கள்

வார்டு ஓட்டு கேட்டு இரண்டு கட்சிக்காரரும் வந்தார்கள். பெண்கள் பாதுகாப்பு என்று இரண்டு நோட்டீஸிலும் அச்சடித்திருக்கிறது. வடை மடிக்க ஆகும் என்று வாங்கிவைத்தேன்.

ஆவணி 6, வெள்ளி

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் கிடையாது. மெஷின் நின்றுவிட்டது. மிளகாய் அரைக்க வந்த நாலைந்து பேர் கரண்டுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மதி உள்ளே மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது நந்தகுமாரின் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தது. இறங்கும்போதே வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"வாங்க மாப்பிள்ள" என்று வழியை மறித்தேன். "கண்டம் இருக்குன்னு அம்மா சொல்லலியா?"

"எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கெடையாது அத்தை. ஒங்களுக்கும் கெடையாதுன்னுதான் நெனச்சேன்" என்றான். குரல் உயரவே இல்லை. "மதி, கார்ல ஏறு."

"அவ வரமாட்டா."

என் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். முழங்கையால் வாயில் இடித்தான், கீழ்ப்பல் ஒன்று நாக்கில் விழுந்தது. துப்பிவிட்டு அவன் மணிக்கட்டைக் கடித்தேன். இடுப்பில் ஒரு உதை. எடைத்தட்டில் போய் விழுந்தேன், நெற்றி பிளந்துவிட்டது. வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருத்தி, "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நாம எப்புடிப் போறது?" என்றது காதில் விழுந்தது. அவள் குரலை எனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மரில் முட்டுப்பட்ட செல்லக்கண்ணு.

அவன் மதியின் முடியைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அவள் கத்தவில்லை, இரண்டு கையாலும் அவன் மூஞ்சியில் மாவை அப்பினாள். பிடி விட்டதும் ஓடிப்போய் மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டாள். அங்கே பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். மேலே தள்ளினால் ஓடி, கீழே போட்டால் நிற்கிற பழைய காலத்துக் கைப்பிடி சுவிட்ச் பெட்டி அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பெல்ட்டுக்கு மேலாகக் கையை நீட்டினான். எட்டவில்லை. சக்கரத்தின்மேல் சாய்ந்து பெல்ட்டுக்கு உள்பக்கமாகக் கையை விட்டு அவள் கழுத்தைப் பிடித்தான்.

கரண்ட் வந்துவிட்டது.

மெஷின் ஓடியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. அவன் அலறினான். அதுவரை ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவன், பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறினான். வெள்ளை மாவெல்லாம் சிவந்துவிட்டது. "மதி, கீழ போடு!" என்று கத்தினேன். கைப்பிடியைக் கீழே போட்டாள். உடனேதான் போட்டாள்.

வலது கையில் மூன்று விரல் இல்லை. அடிக்கிற கை. டீக்கடைக்காரர்கள் இப்போது ஓடிவந்தார்கள், அவர்கள்தான் துண்டைச் சுற்றித் தூக்கிப்போனார்கள்.

போலீஸ் வருவதற்குள் சுவிட்ச் பெட்டியைத் துடைத்தேன். கைப்பிடியில் ஐந்து விரலும் மாவு மாவாகப் பதிந்திருந்தது. மில் என்றால் எங்கேயும் மாவு படியத்தான் செய்யும்.

ஆவணி 8, ஞாயிறு

நெற்றியில் தையல். சாப்பிட முடியவில்லை, கஞ்சிதான்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மதி வேண்டுமென்றே சுவிட்சைப் போட்டாள் என்று நந்தகுமார் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். "கரண்ட் போனா சுவிட்ச கீழ போடணும்னு ஒங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். மறந்துட்டேன். மேலயே இருந்திருக்கு, கரண்ட் வந்ததும் ஓடிடுச்சு. தப்பு என்மேலதான், என்மேலயே எழுதிக்கோங்க."

என் மூஞ்சியைப் பார்த்தார். மதியின் கழுத்தில் புதிதாக ஏறியிருந்த நகத் தடங்களைப் பார்த்தார். இவ்வளவு நடந்தும் அவன்மேல் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டார். கொடுத்தேன். காதிலிருந்து தொடங்கி மதியே சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். சின்னையனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, டீ குடிக்கப் போயிருந்தேன் என்றான்.

அவர் போனதும் சின்னையன் மெதுவாக, "லைட்டு முன்னாடியே எரிஞ்சிடுச்சேம்மா. அதுக்கப்புறந்தானே மெஷினு..." என்றான்.

"டீ குடிக்கப் போனவனுக்கு லைட்டு எப்புடித் தெரியும்?" என்றேன். அவன் விளக்குமாறை எடுத்துக்கொண்டு பெருக்கப் போய்விட்டான்.

சாயங்காலம் மதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ மறக்கலம்மா. ஒருநாளும் மறந்ததில்ல."

"வயசாச்சுல்ல, மறதி வரும்."

"அம்மா..."

"சல்லடையைக் கொண்டாடி, அதுல ரத்தம் பட்டிருக்கான்னு பாக்கணும்."

ஆவணி 13, வெள்ளி

சுசீலா அம்மாள் போன் பண்ணினார். அழுகிறார், சாபம் விடுகிறார், நடுநடுவே ஜோசியரைப் புகழ்கிறார். "சொன்னபடியே ரத்தக் கண்டம் வந்துடுச்சே! ஒங்க பொண்ணு நிழலு இனிமே இந்த வாசல்ல விழக் கூடாது. தாலியைக் கழட்டிக் குடுத்தனுப்புங்க, கேஸும் வேணாம் கீஸும் வேணாம்." மதியிடம் சொன்னேன். அப்போதே கழற்றி, ரெங்கநாயகி கட்டின மஞ்சள் கயிறோடு தாளில் சுற்றிக் கொடுத்தாள். ஆனால் புகாரைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். "காதுக்கும் வயித்துக்கும் அவரு பதில் சொல்லட்டும்" என்கிறாள்.

ஊர் பற்றி எழுதாமல் முடியவில்லை. மில்லுக்கு வருகிறவர்கள் மாவை மறந்துவிட்டு அந்த வேதாரண்யத்து ஜோசியரின் விலாசம் கேட்கிறார்கள். தபால்காரர் மகளுக்கு வரன் தட்டிப்போகிறதாம். செல்லக்கண்ணு, புருஷன் குடியை நிறுத்துவானா என்று பார்க்கவேண்டுமாம். "அப்படி ஒருத்தனே கெடையாது, நான் பொய் சொன்னேன்" என்றேன் அவளிடம். "மறைக்காதீங்கக்கா" என்கிறாள். அறிவழகன் தோழர் கூட்டத்தில் பேசினாராம், நாகம்மை ஜோசியம் பார்த்து இயக்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்று. நெற்றியில் பிளாஸ்திரியோடு.

ஆவணி 20, வெள்ளி

மதிக்குக் காது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பாதி கேட்கும் என்கிறார் டாக்டர்.

இன்றைக்கு மெஷின் கல்லைக் கொத்தவேண்டிய வேலை, ஆள் வரவில்லை. மிளகாய் நெடி வேறு. ஒருத்தி வந்து ஜோசியர் என்று வாயெடுத்தாள், அவளைத் துரத்திவிட்டு எரிச்சலோடு உள்ளே வந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. மதி ஜன்னலில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எங்கடி பராக்குப் பாக்குற?" என்று கையை ஓங்கிக்கொண்டு போனேன்.

திரும்பினாள். முன்னெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டி நிற்பாள். இன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. மாவு மூட்டை தூக்குகிற கை.

"வேணாம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இனிமே நீயும் வேணாம்."

என் கண்ணையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டு, துணி எடுத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன்.